கிணற்றுக் கணக்கு

தற்சார்பு வாழ்க்கையைப் பற்றி எழுதப்பட்ட நல்ல நூல்களில் பெரும்பாலானவை உண்மையில் கணக்கு நூல்கள். தோரோ 1845 ஜூலை 4 அன்று வால்டன் குளக்கரையில் குடியேறினார். இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும் இரண்டு நாளும் அங்கே இருந்தார். 1854இல் வெளிவந்த அவருடைய நூலை ஞானநூலாகப் படிப்பவர்களே அதிகம். எங்களை அதில் பிடித்து நிறுத்தியது வேறொன்று. பலகை, ஆணி, சுண்ணாம்பு, பழைய செங்கல் என்று ஒவ்வொன்றுக்கும் விலை எழுதி, வீட்டைக் கட்டி முடிக்க ஆன செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று கூட்டிப் போடுகிறார். முதல் ஆண்டு விளைச்சலில் வரவு 23 டாலர் 44 சென்ட். செலவு போக மிஞ்சியது 8 டாலர் எழுபத்தொன்றரை சென்ட். அரை சென்ட்டையும் விடாத அந்தச் சிரத்தையின் மீது எங்களுக்கு ஒரு பிரியம் உண்டு. குளக்கரை நிலம் எமர்சனுடையது என்பதும், ஊருக்குள் அவ்வப்போது போய் விருந்துண்டதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார் என்பதும் அந்தப் பிரியத்தைக் குறைக்கவில்லை.

நாங்களும் கணக்கு எழுதுகிறோம். சென்னையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2014 ஆவணியில் செங்கத்துக்கு வடக்கே, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், 2 ஏக்கர் 30 சென்ட் நிலத்துக்கு வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒன்றாக நூறு பக்க நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. நாங்கள் இருவர், பிள்ளைகள் இல்லை. ஏன் வந்தோம் என்று கேட்பவர்களிடம் சொல்ல ஆரம்பத்தில் நீளமான பதில் ஒன்று வைத்திருந்தோம். அதில் குமரப்பாவின் நிலைத்த பொருளாதாரமும் ஃபுகுவோக்காவின் வைக்கோலும் இடம்பெறும். இப்போது அந்தப் பதில் சுருங்கிவிட்டது. வாங்கித் தின்பதைக் குறைத்து விளைவித்துத் தின்ன வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

இலக்கிய வாசகர்களுக்கு இந்த ஊர்ப்பக்கம் புதிதல்ல. செங்கம்தான் பத்துப்பாட்டின் செங்கண்மா என்பார்கள். நன்னனைப் பாடிய மலைபடுகடாம் இந்த மலைகளையும் சேயாற்றையும் சுற்றி வருவது. எங்கள் களத்துமேட்டிலிருந்து கிழக்கே பார்த்தால் மழை பெய்து ஓய்ந்த நாட்களில் பருவதமலை தெரியும். அதுவே பாட்டில் வரும் நவிரமலை என்று கருதுவோர் உண்டு. தினையும் வரகும் அவரையும் விளைந்து கிடக்கும் சரிவுகள் வழியாகக் கூத்தர் கூட்டம் ஒன்று வள்ளலைத் தேடிப் போகும் பாட்டு அது. வழியில் உள்ள குடிகளெல்லாம் அவர்களுக்குச் சோறிடுகிறார்கள். தற்சார்பு தேடி வந்த எங்களுக்கு வாய்த்த ஊரின் பழம்பாட்டு, பிறர் இட்ட சோற்றைப் பற்றியதாக இருப்பது குறித்து நாங்கள் பலமுறை சிரித்திருக்கிறோம்.

நிலம் தருவதை முதலில் சொல்லிவிடுகிறோம். அரை ஏக்கரில் கேழ்வரகு. நாற்றுக்கு ஒரு கிலோ விதை போதும். ஆடியில் நட்டால் ஐப்பசியில் கதிர். நல்ல ஆண்டில் முந்நூறு கிலோவுக்குக் குறையாது. இரண்டு பேருக்குக் காலைக் கூழும் இரவுக் களியுமாக ஆண்டுக்கு நூற்றிருபது கிலோ ஆகிறது. மிச்சத்தில் கொஞ்சம் விற்பனைக்கு. கொஞ்சம் வந்துபோகும் நண்பர்களுக்கு. அறுபது சென்ட்டில் மல்லாட்டை (தெற்கத்திக்காரர்களுக்கு நிலக்கடலை). அறுபது கிலோ காயை உடைத்துச் செக்குக்கு எடுத்துப் போனால் பதினாறு லிட்டர் எண்ணெய் வரும். எங்கள் ஓராண்டுத் தாளிப்புக்கு அது தாராளம். பிண்ணாக்கு மாட்டுக்கு. வரப்பில் துவரையும் ஓரத்தில் அவரையும். கீரை எப்போதும் உண்டு. கறவையிலிருக்கும் மாதங்களில் நாட்டுமாடு இரண்டு லிட்டர் பால் தரும். அதற்காக நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியூர் போகும் உரிமையை அதனிடம் ஒப்படைத்திருக்கிறோம். இத்தனை ஆண்டில் ஒரு திருமணத்துக்குக்கூட இருவரும் ஒன்றாகப் போனதில்லை.

சாமையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிறுதானியங்களைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் தவறாமல் விட்டுவிடும் செய்தி அதில் இருக்கிறது. கேழ்வரகுக்கு உமி கிடையாது. கதிரடித்துத் தூற்றினால் நேராக அரைவைக்குப் போகலாம். சாமை, தினை, வரகு அப்படியல்ல. ஒவ்வொரு மணியும் உமிக்குள் இறுகி இருக்கும். வரகுக்கு அது பல அடுக்கு. நெல்லரைக்கும் மில்லில் போட்டால் பாதி நொறுங்கிவிடும். சிறுதானியத்துக்கென்று உள்ள இயந்திரம் இருக்கும் இடத்துக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாற வேண்டும். அப்படியே போனாலும் குறைந்த அளவை ஓட்டித் தர மாட்டார்கள். எனவே முதல் மூன்று ஆண்டுகள் உரலில் குத்தினோம். ஒரு படி சாமை அரிசிக்குக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, கல் பார்த்து எடுக்க ஒரு முற்பகல் முழுவதும் போகும். மலைமேல் இருப்பவர்கள் எத்தனையோ தலைமுறையாக இதைச் செய்தவர்கள். அவர்கள் வீடுகளிலும் ரேஷன் அரிசி வந்தபின் சாமைச் சோறு குறைந்துபோனதைப் பற்றி நகரத்துக் கூட்டங்களில் வருத்தப்படுகிறார்கள். குறையத்தான் செய்யும். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 முதல் விலையின்றியும் கிடைக்கத் தொடங்கியபோது, பல்லாயிரம் வீடுகளில் பெண்கள் உலக்கையை மூலையில் சாத்தினார்கள். அதைப் பண்பாட்டு இழப்பு என்று மட்டும் எழுதுகிறவர் ஒரு படி சாமையாவது குத்திப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் இருவரில் உலக்கை பிடித்தவர் பெரும்பாலும் யார் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். நான்காம் ஆண்டு அவர் சாமை வேண்டாம் என்றார். அதோடு சாமை நின்றது.

உப்பு, தீப்பெட்டி, துணி, மண்வெட்டி, மருந்து, செல்பேசி ஆகியவற்றை எந்தக் கொல்லையிலும் விளைவிக்க முடியாது. இது குறையல்ல. சங்கப் பாடல்களில் உமணர்கள் உப்பு வண்டி ஓட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிறோம். அன்றைக்கே உப்புக்கு நெல் கொடுத்த ஊர்கள்தாம் இவை. இந்தியக் கிராமங்களைச் சின்னஞ்சிறு குடியரசுகள் என்று 1830இல் மெட்காஃப் குறிப்பெழுதினார். அதை ஆளாளுக்கு எடுத்தாண்டதில், கிராமம் என்றால் வெளியிலிருந்து எதுவும் தேவைப்படாத தீவு என்ற எண்ணம் எங்கள் தலைமுறைவரை வந்துவிட்டது. வாரச்சந்தை கூடாத கிராமப்புறம் எங்கே இருந்தது?

இனி நோட்டின் மறுபக்கம். 2024 சித்திரை முதல் 2025 பங்குனி வரை எங்கள் செலவு 1,46,000 ரூபாய். நிலத்திலிருந்து கைக்கு வந்த பணம் 38,000. மிச்சம் எங்கிருந்து வந்தது? சென்னை அடுக்ககத்தை விற்று வங்கியில் போட்ட பணத்தின் வட்டியிலிருந்து. கிணற்று மோட்டாருக்கு மின்கட்டணம் இல்லை. அது அரசு கொடுப்பது. இந்த இரண்டு வரிகளும் இல்லாவிட்டால் மேலே சொன்ன கேழ்வரகும் மல்லாட்டையும் வேறு கதையாகிவிடும். எங்களைப் பார்க்க வரும் இளைஞர்கள் மாதம் எவ்வளவு இருந்தால் போதும் என்று கேட்பார்கள். தொகையைச் சொல்வோம். உடனே, அந்தத் தொகை விளைந்த இடம் இந்த மண் அல்ல என்பதையும் சொல்வோம். சிலருக்கு முகம் வாடிவிடும்.

நாங்கள் மட்டும் இப்படி அல்ல. அமெரிக்காவில் ஸ்காட் நியரிங், ஹெலன் நியரிங் என்று ஒரு தம்பதி. ஸ்காட் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர்; தம் கருத்துகளுக்காகப் பல்கலைக்கழக வேலையை இழந்தவர். பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே 1932இல் இருவரும் நியூயார்க்கை விட்டு வெர்மாண்ட் மலைக்குப் போனார்கள். கல்லால் வீடு கட்டினார்கள், மேப்பிள் மரத்தின் பாலைக் காய்ச்சிப் பாகு விற்றார்கள், காய்கறி விளைவித்தார்கள். 1952இல் மெய்ன் கடற்கரைக்கு மாறினார்கள். நாளில் நான்கு மணி நேரம் சோற்றுக்கான உழைப்பு, நான்கு மணி நேரம் தனக்குப் பிடித்த வேலை என்பது அவர்கள் வகுத்த முறை. 1954இல் வந்த அவர்கள் நூல் 1970இல் மறுபதிப்பானபோது, நகரத்தை விட்டு ஓடிய ஒரு தலைமுறைக்கே வேதமானது. ஸ்காட் நூறு வயதைத் தொட்டு 1983இல் இறந்தார். அவர்களிடமே நிலம் வாங்கிப் பக்கத்தில் குடியேறிய ஜீன் ஹே பிரைட் 2003இல் ஒரு நூல் எழுதினார். நியரிங் தம்பதியின் நல்வாழ்வுக்குப் பின்னால் உழைப்பு மட்டுமல்லாமல் பரம்பரைச் சொத்தும் இருந்தது என்பதை அவர் தேடி எடுத்து வைத்தார். ஒரு காலத்தில் அவர்களை நம்பி, அவர்கள் சொன்னபடி வாழ முயன்றவர் எழுதிய நூல் அது. நியரிங் நூலை எங்களுக்குப் படிக்கத் தந்த நண்பர் இதைக் கேட்டு மனம் உடைந்துபோனார். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கல்வீட்டைக் கட்டியதும் பாகு காய்ச்சியதும் பொய்யில்லை. ஆனால் வாரிசுப் பணம் என்ற வரியும் அந்தக் கணக்கில் இருந்திருக்க வேண்டும். இல்லாதபோது, அதைப் படித்துவிட்டு வெறுங்கையோடு மலையேறியவனின் தோல்விக்கு அவனுடைய சோம்பல்தான் காரணம் என்றாகிவிடுகிறது.

சிக்கனம் என்ற சொல்லை நாங்கள் கவனமாகப் பயன்படுத்தக் கற்றது ஒரு பெரியவரிடம். இந்த நிலம் அவருடையது. மகள் திருமணத்துக்கும், தண்ணீர் வராமல் போன ஆழ்துளைக் கிணற்றுக் கடனுக்கும் சேர்த்து எங்களுக்கு விற்றார். தமக்கென்று வைத்துக்கொண்டது மேற்கே உள்ள எண்பது சென்ட். அது வானம் பார்த்தது. அவருடைய அப்பா வெட்டிய, ஐம்பத்தைந்து அடி ஆழமுள்ள கிணறு விற்ற பகுதிக்குள் இருந்ததால் எங்களோடு வந்துவிட்டது. விற்ற பிறகும் விடியற்காலையில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். எந்த மூலையில் மண் கரைகிறது, எந்த மாதத்தில் எந்தப் புழு வரும் என்று சொல்லித் தந்தது அவர்தான். எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட ‘உங்க நிலம்’ என்று சொன்னதில்லை. ‘நம்ம கொல்லை’ என்பார். அந்த ‘நம்ம’வுக்குள் நாங்களும் இருந்தோம் என்றே எடுத்துக்கொண்டோம்.

ஒரு நாள் நகரத்திலிருந்து வந்த நண்பர்களிடம் எங்கள் வாழ்க்கையை விளக்கிக்கொண்டிருந்தோம். குறைந்த பொருள், குறைந்த தேவை, இந்த ஊர்க்காரர்களைப் போலவே நாங்களும் சிக்கனமாக வாழ்கிறோம் என்பது போன்ற பேச்சு. பெரியவர் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். நண்பர்கள் போன பிறகு சொன்னார்: “சார், நீங்க கம்மியா செலவு பண்றது வேற. எங்ககிட்ட இல்லாம இருக்கறது வேற. ரெண்டுத்துக்கும் ஒரே பேரு வெக்காதீங்க.” கோபமாகச் சொல்லவில்லை. எந்தக் களையைப் பிடுங்க வேண்டும் என்று காட்டும் அதே குரல்தான்.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வகை உண்டு என்று பின்னர் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். 1910இல் தென்னாப்பிரிக்காவில் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் காந்தி தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணை. அங்கே இருந்தவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள். வேலையாள் கிடையாது, செருப்பும் தாங்களே தைத்துக்கொண்டார்கள், இருபத்தொரு மைல் தள்ளியிருந்த ஜோகன்னஸ்பர்க்குக்குச் சொந்த வேலையாகப் போனால் நடந்து போக வேண்டும். இன்று அதை ஆன்மிகப் பரிசோதனையாகவே நினைவுகூர்கிறார்கள். உடனடிக் காரணம் எளியது. சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. எல்லோரையும் ஓரிடத்தில் வைத்துச் செலவைக் குறைத்தால் போராட்டத்தை நீட்டிக்க முடியும். அந்தச் சிக்கனம் ஒரு நோக்கத்துக்குக் கூலியாக இருந்தது. எங்களுடையது எதற்குக் கூலி என்ற கேள்விக்கு இதுவரை பதில் எழுதவில்லை.

பெரியவர் சொன்ன வேறுபாட்டை 2016 காட்டியது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை அநேகமாகப் பெய்யவேயில்லை. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. மாசியில் எங்கள் கிணற்றின் அடிப்பாறை தெரிந்தது. நாங்கள் என்ன செய்தோம்? லாரித் தண்ணீர் வாங்கினோம், வைக்கோல் வாங்கினோம், அரிசி வாங்கினோம். அந்த ஆண்டு நோட்டில் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாக இருக்கிறது. பெரியவர் வீட்டில் என்ன நடந்தது? இரண்டு மாடுகளை வந்த விலைக்குக் கொடுத்தார்கள். மகன் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனார். ஒரே வானம், ஒரே பாறை, ஒரே வரப்பின் இரு பக்கம். எங்களுக்கு அது வட்டிப் பணத்தில் விழுந்த ஓட்டை. அவர்களுக்கு ஊரை விட்டுப் போன ஆண்டு. நாங்கள் நகரத்திலிருந்து இங்கே வந்ததைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லி இதழ்கள் கேட்கின்றன. அவர் இங்கிருந்து நகரத்துக்குப் போனதைப் பற்றி யாரும் அவரைக் கேட்டதில்லை.

பெரியவர் 2022 தை மாதம் இறந்தார். மகன் வந்து காரியம் முடித்துவிட்டுத் திருப்பூருக்கே போய்விட்டார். 2024 கடைசியில் ஃபெஞ்சல் புயல் திருவண்ணாமலைப் பக்கம் கொட்டித் தீர்த்தபோது, எங்கள் களத்தில் அடிக்காமல் வைத்திருந்த கேழ்வரகு முளைத்துப்போனது. கிணறு மட்டும் கைக்கெட்டும் அளவுக்கு நிரம்பியது. அந்தச் செய்தி எப்படியோ திருப்பூருக்கு எட்டியிருக்க வேண்டும். 2025 பங்குனியில் மகன் குடும்பத்தோடு திரும்பி வந்தார். எட்டாண்டுத் தையல் வேலையில் முதுகு போய்விட்டது என்றார்.

வந்த வாரமே எங்களிடம் வந்து உட்கார்ந்தார். எண்பது சென்ட்டிலும் சாமந்தி போட வேண்டும். உங்கள் கிணற்றிலிருந்து தண்ணீர் வேண்டும். கேட்டது அவ்வளவுதான். கணக்கோடு வந்திருந்தார். ஆடியில் நட்டால் கார்த்திகை தீபத்துக்குப் பூ வரும். திருவண்ணாமலையில் தீபத்தன்றும் பௌர்ணமி கிரிவலத்தன்றும் பூ விலை ஏறும். ஒரு தீபம் ஒழுங்காக அமைந்தால் திருப்பூரில் வாங்கிய கடன் அடைந்துவிடும்.

எங்களுக்கு மூன்று இரவுகள் தேவைப்பட்டன. கிணறு நல்ல மழை ஆண்டிலும் கோடையில் ஒரு ஏக்கருக்குமேல் தாங்காது. கேழ்வரகு காய்ந்தாலும் ஒரு தண்ணீரில் தலைநிமிரும். சாமந்தி அப்படியல்ல, ஓயாமல் ஈரம் கேட்கும். அதற்கு உரம் வேண்டும். பேனுக்கும் இலைப்புள்ளிக்கும் மருந்தடிக்காமல் சந்தைக்குரிய பூ எடுத்தவர் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. அடிக்கிற மருந்து வரப்பைத் தாண்டி எங்கள் அவரைக்கும், மழை பெய்தால் கிணற்றுக்கும் வரும். பதினோரு ஆண்டுகள் ஒரு பொட்டலம் ரசாயனம் உள்ளே வராமல் வைத்திருந்த மண். நண்பர்கள் சட்டத்தைச் சொன்னார்கள். கிணறு உங்கள் பத்திரத்தில் இருக்கிறது, ஒருமுறை விட்டால் பாத்தியதை ஆகிவிடும் என்று எச்சரித்தார்கள். ஒருவர், நல்ல விலைக்கு அந்த எண்பது சென்ட்டையும் வாங்கிவிடுங்கள் என்றார். நிலத்தின் விலை நாங்கள் வாங்கியதைப்போல மூன்று மடங்காகிவிட்டது. எங்களைப் போன்றவர்கள் அடுத்தடுத்து வந்து வேலி போட்டதும் அதற்கு ஒரு காரணம். எங்களிடம் அவ்வளவு பணமும் இல்லை. அந்த யோசனையைச் சொன்னவரிடம் பிறகு அதிகம் பேசவுமில்லை.

மூன்றாம் இரவு எங்களில் ஒருவர் சொன்னார்: அந்தக் கிணற்றில் இறங்கி மண் சுமந்தவர்களின் பேரன் தண்ணீர் கேட்கிறான், நாம் கையில் வைத்திருப்பது பத்திரம். மற்றவர் சொன்னார்: அந்த மருந்துத் தண்ணீரைக் குடிக்கப்போவது நாம்தான். இரண்டும் உண்மை. இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு காலையில் சரி என்றோம். பங்குக் கிணறுகளில் வழக்கமாக உள்ளது போல முறைத் தண்ணீர்: ஒற்றைப்படைத் தேதிகள் அவருக்கு, இரட்டைப்படைத் தேதிகள் எங்களுக்கு. கிணற்றைச் சுற்றிப் பத்தடிக்குள் மருந்து கலக்கக் கூடாது, காற்று எங்கள் பக்கம் வீசும்போது அடிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டோம். முதலாவதை உடனே ஒப்புக்கொண்டார். இரண்டாவதற்கு, “பார்க்கலாம் சார், காத்து சொல்லிட்டா வருது” என்றார். குடிக்கும் தண்ணீரை இப்போது ஊர்த் தொட்டியிலிருந்து குடத்தில் எடுத்து வருகிறோம்.

ஆடிக் கடைசியில் நாற்று நட்டார். அவருடைய மகள், எங்களைத் தாத்தா, பாட்டி என்று கூப்பிடும் ஒன்பது வயதுப் பெண், பாத்திக்குத் தண்ணீர் திருப்பக் கற்றுக்கொண்டுவிட்டாள். எங்கள் கேழ்வரகுக்கு வழக்கத்தைவிடக் குறைவாகவே தண்ணீர் பாய்கிறது, இதுவரை வாடவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு சிக்கல் வந்தது. முப்பத்தொன்றாம் தேதியும் ஒற்றைப்படை, மறுநாள் முதல் தேதியும் ஒற்றைப்படை. அடுத்தடுத்து இரண்டு நாள் அவருக்கே போகிறதே, இதை எப்படிப் பிரிப்பது என்று கேட்டோம். மோட்டார் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து சிறிது நேரம் யோசித்தார்.

“முப்பத்தொண்ணை எங்க தாத்தா பங்குல எழுதிக்கங்க சார்” என்றார்.

எழுதிக்கொண்டோம்.